மெல்லிய நிக்கல் வார்ப்பில் கிரெய்னைச் சின்னதாக்குவது எப்படி

அம்பத்தூர் பக்கம் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் (மெழுகு மாதிரியின் மேல் பீங்கான் அச்சு கட்டி வார்ப்பது) செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரெய்ன் (உலோகம் உறையும்போது உள்ளே உருவாகும் படிகம்) பெரிதாக வந்தால் உடனே உலோகத்தின் சூட்டைக் குறைக்காதீர்கள், 2 மி.மீ. சுவர் முழுசாக நிரம்பும் முன்பே உறைந்துவிடும்.

முதலில் ஷெல்லை, அதாவது அந்தப் பீங்கான் அச்சைப் பாருங்கள். மெழுகில் படும் முதல் ஸ்லரியில் (பீங்கான் குழம்பில்), அதில் மட்டும், கோபால்ட் அலுமினேட் நீலப் பொடியைச் சேருங்கள். எடையில் 5 சதவீதத்தில் தொடங்கலாம். ஊற்றும்போது உலோகத்தில் உள்ள குரோமியமும் அலுமினியமும் டைட்டானியமும் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சும் கோபால்ட் துகள்களின் மேல்தான் கிரெய்ன்கள் முளைக்கின்றன. பொடி அடியில் தங்கினால் ஓரிடத்தில் பொடிசு, ஓரிடத்தில் பெரிசு என்று வரும், அதனால் டேங்க் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில் கோட்டிங் லேசில் காயாது. டிரையிங் ரூமில் ஈரப்பதத்தைக் குறைக்காமல் அடுத்த கோட்டிங் போடவே கூடாது.

அப்புறம் அச்சின் சூட்டை 20 டிகிரி படிகளாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வார்ப்பைக் குறுக்கே வெட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் எட்ச் செய்து (கிரெய்ன் தெரியும்படி லேசாக அரித்து) பாருங்கள், ஏனென்றால் மேற்பரப்பு அழகாக இருந்தும் தடித்த இடங்களில் உள்ளே பெரிதாகவே இருக்கும். உலோகத்தின் சூட்டைக் கடைசியில் தொடுங்கள்.

ஒன்று மட்டும்: சின்ன கிரெய்ன் ஃபெட்டீக்கைத் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவதை) தாங்கும், க்ரீப்பைத் (சூட்டில் சுமையால் மெல்ல மெல்ல நீள்வதை) தாங்காது. அதிக வெப்பத்தில் நீண்ட நேரம் சுமை தாங்கும் பாகம் என்றால், டிசைன் செய்தவரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.