காருக்கு டயர், ரிம் அளவு தேர்ந்தெடுப்பது எப்படி?

மைத்துனரின் ஸ்விஃப்ட் காரில் 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் (அலுமினியக் கலவை ரிம்) மாட்டியதிலிருந்து, கடலூரில் தெரிந்தவர்கள் எல்லோரும் அளவு கேட்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவைத்துவிடுகிறேன். ஜாக்கி வைப்பது, கழற்றி மாட்டுவது எல்லாம் இங்கே கிடையாது.

1. ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். நிறுவனம் அனுமதித்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. இப்போது காரில் ஓடும் டயரை நம்பாதீர்கள். பழைய கார் என்றால் முந்தைய உரிமையாளர் எதை மாட்டினாரோ, யார் கண்டது!

மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14, விலை கூடிய வகைகளுக்கு 185/65 ஆர்15. நிறுவனமே ஒரே காருக்கு இரண்டு அளவு கொடுத்திருந்தால், பெரிய ரிம்முக்கு ஆசைப்படுபவர் அந்த இரண்டாவது அளவோடு நின்றுகொள்வது நல்லது.

2. விட்டத்தைக் கணக்கிடுங்கள்

165 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். 80 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

165 × 0.80 × 2 = 264
14 × 25.4 = 355.6
மொத்தம் 619.6 மி.மீ.

இதே கணக்கில் 185/65 ஆர்15 டயருக்கு 621.5 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. "கொஞ்சம் பெரிதாகப் போடலாம் சார்" என்று கடையில் காட்டும் 205/65 ஆர்15 டயருக்கோ 647.5. நாலரை சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

195/55 ஆர்16 கணக்கில் கச்சிதமாக வரும்: 620.9. ஆனாலும் நம் ஊருக்கு வேண்டாம் என்பேன். பக்கச் சுவர் 132 மி.மீ.யிலிருந்து 107 ஆகிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுகமாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் மஞ்சக்குப்பத்தில் தண்ணீருக்கடியில் இருக்கும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அடி நேராக ரிம்முக்குப் போகும்.

3. சுமை எண், வேக எழுத்து

அளவை அடுத்து 85டி (85T), 88எச் (88H) என்று அச்சிட்டிருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560. டி மணிக்கு 190 கி.மீ., எச் 210. ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ சொன்னதற்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். எந்த நிறுவனத்து டயர் என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையை வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களிடம் அதில் ஜெயிக்க முடியாது.

4. ரிம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

நட் துளைகளின் அமைப்பு, அதாவது பிசிடி, ஸ்விஃப்ட்டுக்கு 4×100: நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டத்தில். 185/65 டயருக்கு ரிம்மின் அகலம் 5 முதல் 6.5 ஜே (அங்குலக் கணக்கு) வரை பொருந்தும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற எண், குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். நிறுவனத்து எண்ணை ஒட்டியே வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மைத்துனரின் வண்டி மணிக்கு 80 கி.மீ.யைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது. புதுச்சேரியில் பழைய அலாய் விற்ற கடையில் மறுபடியும் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்தார்கள். இயந்திரம் பூஜ்யம் காட்டியது. கடைக்காரர் சாலையைக் குறை சொன்னார்.

கோளாறு நடுத்துளையில் இருந்தது. வெர்னியரை (நுண் அளவுகோலை) வைத்துப் பார்த்தால் காரின் ஹப், அதாவது சக்கரம் உட்காரும் நடுக்குமிழ், 54.1 மி.மீ., அலாயின் நடுத்துளை 67.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று வெளிச்சந்தை அலாய்களில் துளையைப் பெரிதாகவே விடுவார்கள். சுற்றிலும் ஆறரை மி.மீ. இடைவெளி, சக்கரத்தை மையத்தில் நிறுத்த நட்டுகளை விட்டால் ஆளில்லை. பேலன்சிங் இயந்திரம் கூம்பு வைத்து மையத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே இது தெரியவே தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க 67.1–54.1 அளவில் நான்கு ஹப் வளையங்கள் வாங்கி உள்ளே அழுத்தினோம். நடுக்கம் நின்றது.

டேப் வைத்து அளந்தால் வளையத்துக்கு வேண்டிய துல்லியம் கிடைக்காது. வெர்னியர்தான் வேண்டும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கவும் விடாதீர்கள். வண்டியைத் தூக்கிய நிலையில் கையால் குறுக்கு மறுக்காக இறுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள்.

5. தேதி

பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடி டயர் என்றால் இதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: வளையம் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் அலுமினிய வளையம் உப்பில் பூத்து ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கே வாங்குங்கள்.

இன்னொருவர் ஸ்டெப்னியை நினைவூட்டினார். 14 அங்குல ஸ்டெப்னி விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பங்க்சர் கடை வரை மெதுவாக ஓட்டலாம். ஆனால் அலாய்க்கென்று வாங்கிய நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகளில் நான்கை ஒரு பையில் கட்டி ஸ்டெப்னியின் குழிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.