நிலாவில் விழுந்தால் இரண்டரை, குதித்தால் ஆறு

நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான், அதனால் அங்கே எல்லாமே ஆறு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒரு ரப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்துவிடலாம்.

முதலில் விழுவது. சுவரில் 1.6 மீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கிருந்து ரப்பரை நழுவ விடுங்கள். (எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நான் போட்டதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.) போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் 0.57 வினாடியை ஒட்டி வரும்.

அடுத்து கணக்கு. உயரத்தை இரண்டால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தால் (விழும் பொருளின் வேகம் வினாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்ற அளவு) வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். பூமிக்கு 9.8 போட்டால் அதே 0.57. நிலாவுக்கு 1.62 போட்டால் 1.4 வினாடி. ஏறக்குறைய இரண்டரை மடங்குதான்! அந்த ஆறு வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொண்டு சிறுத்துவிட்டது.

1.6 மீட்டரை நான் சும்மா சொல்லவில்லை. 1971இல் அப்பல்லோ 15 நிலாப் பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் ஒரு சுத்தியலையும் வல்லூறு இறகையும் விட்டார். காற்று இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இப்போது குதிப்பது. இங்கே இரு இடத்துக்கும் பொதுவானது உயரம் அல்ல, காலை உந்திக் கிளம்பும் வேகம். பூமி அந்த வேகத்தை வினாடிக்கு 9.8 வீதம் தின்கிறது, நிலா 1.62 வீதம். ஆகவே இங்கே 30 செ.மீ. எம்பி அரை வினாடியில் இறங்குபவர், அதே வேகத்தில் அங்கே கிளம்பினால் 1.8 மீட்டர் போய், 3 வினாடி கழித்துத்தான் இறங்குவார். உயரமும் நேரமும் ஆறு மடங்கு.

நிஜத்தில்? 1972இல் அப்பல்லோ 16 பயணத்தின்போது ஜான் யங் கொடிக்கு சல்யூட் அடித்தபடி குதித்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். அந்தரத்தில் 1.45 வினாடி. அதை அதனாலேயே பெருக்கி, 1.62ஆல் பெருக்கி, எட்டால் வகுத்தால் 0.43 மீட்டர், முழங்கால் உயரம்தான். விறைப்பான உடையும் முதுகில் கனத்த பெட்டியுமாக அவ்வளவு எம்பியதே பெரிது. பூமியில் அதே நேரம் அந்தரத்தில் இருக்க எவ்வளவு எம்ப வேண்டும்? 1.62க்குப் பதில் 9.8 போட்டுப் பாருங்கள், இரண்டரை மீட்டருக்கு மேல் வரும்.

அப்புறம் ஒன்று. குதித்தவர் கிளம்பிய அதே வேகத்தில்தான் தரைக்குத் திரும்புகிறார், நிலாவாக இருந்தாலும். யங்கோடு போன சார்லி டியூக் உயரம் தாண்டிக் காட்டப் போய், பெட்டியின் கனம் பின்னால் இழுக்க, மல்லாக்க விழுந்தார். அவர் மூச்சுவிட ஆக்சிஜன் வந்துகொண்டிருந்ததே அந்தப் பெட்டியிலிருந்துதான்.