துணைநூற்பட்டியலில் திரும்பத் திரும்ப நேரும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் 'பொன்னியின் செல்வன், ப. 212' என்று சான்று காட்டியிருந்தது. மேற்கோளில் ஒரு சொல் இடித்ததால், நூலை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். எந்த நூலை எடுப்பது? பாகங்கள் ஐந்து, ஐந்திலும் 212ஆம் பக்கம் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் அந்த நாவலை வெளியிடாத பதிப்பகத்தைத் தேடிப்பிடிப்பதுதான் கடினம். எழுத்தின் அளவும் தாளின் அளவும் மாற மாற, ஒவ்வொரு பதிப்பிலும் 212 என்பது வேறு வேறு இடம். அந்த ஒரு வரியைத் தேடியதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. 'சுழற்காற்று, அத். 12' என்பதுபோலப் பாகத்தையும் அத்தியாயத்தையும் குறித்திருந்தால் எந்தப் பதிப்பிலும் இரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன்.

துணைநூற்பட்டியல் என்றதும் காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்றுதான் மாணவர்கள் கவலைப்படுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் பட்டியலின் வேலை வேறு. நீங்கள் கையில் வைத்துப் படித்த அதே பிரதியை, அதே இடத்தை, முன்பின் தெரியாத ஒருவர் பத்து ஆண்டு கழித்துத் தேடினாலும் எட்ட வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, படித்த பிரதி ஒன்றும் பட்டியலில் எழுதிய பிரதி வேறொன்றுமாக இருப்பதால் வந்தவை.

பெயரில் தொடங்கும் குழப்பம்

மேலைநாட்டு முறைகள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஊரும் தந்தை பெயரும் தலைப்பெழுத்தாகிவிடுகின்றன. அதனால் 'சாமிநாதையர், உ.வே.' என்றும் 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என்றும், பெயரை முன்னால் வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளினால் போதும். மென்பொருளிடம் விட்டால் இது கெடும். ரா.பி. சேதுப்பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் இரு சொல்லாகப் பிரித்து எழுதியிருந்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'பிள்ளை, ரா.பி. சேது' என்று அது அடுக்கும். அப்படியே விட்டால் பிள்ளைகள் எல்லாம் ஓரிடத்திலும் ஐயர்கள் எல்லாம் ஓரிடத்திலும் வரிசையாக நிற்பார்கள். அது பெயர் வரிசையே அல்ல, சாதி வரிசை. துணைநூற்பட்டியலைத் தொகுத்துத் தரும் ஸொடேரோ போன்ற செயலிகளில் பெயருக்கு இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ஒரே கட்டத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. தமிழ்ப் பெயர்களுக்கு அதைப் பயன்படுத்தி, வேண்டிய வடிவத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

ஒரே ஆள் இருவராவதும் நடக்கிறது. ஓரிடத்தில் தெ.பொ. மீனாட்சிசுந்தரம், இன்னோரிடத்தில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அட்டையில் எப்படி அச்சாகியிருந்தாலும், வரிசைப்படுத்துவதற்கு ஒரு வடிவத்தை முடிவுசெய்து எல்லா நூல்களையும் அதன்கீழ் கொண்டுவர வேண்டும்.

அகரவரிசையையும் கணினியிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்காதீர்கள். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் கனகசபை முதலிலும் கமலா பின்னாலும் வருவார்கள். நம் வரிசைப்படி கமலாதான் முந்தி. 'ஜ'வும் அப்படித்தான், 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். அடுக்கி முடித்தபின் ஒருமுறை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பாருங்கள்.

சங்க இலக்கியத்தில் நேரும் தவறு இன்னும் வருத்தம் தருவது. 'சாமிநாதையர், உ.வே., புறநானூறு' என்று மொட்டையாக எழுதுகிறார்கள். அவர் புறநானூற்றை இயற்றியவர் அல்லர், ஏடுகளை ஒப்பிட்டு 1894இல் பதிப்பித்தவர். பெயருக்குப் பின்னால் 'பதிப்பாசிரியர்' என்ற ஒரு சொல் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சொல் விடுபட்டால் அவருடைய உழைப்பு எது என்பதே மறைந்துபோகிறது. உரையாசிரியருக்கும் இதே விதி. 'தொல்காப்பியம், நூற்பா 45' என்றால் யாருடைய உரைப்பதிப்பு? ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அங்கிருந்து எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். அதிகாரம், இயல், நூற்பா எண், உரையாசிரியர் நான்கும் சேர்ந்தால்தான் அது சான்று. குறளுக்கு மட்டும் எண் போதும். பரிமேலழகர் வைப்புமுறையில் அமைந்த எண்ணையே எல்லோரும் வழங்குகிறோம். மணக்குடவர் உரையைப் படித்து எழுதுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை அங்கே மாறும்.

ஆண்டு

பட்டியலில் மிக எளிதாகத் தெரிவது ஆண்டுதான். அதில்தான் அதிகத் தவறும் நேர்கிறது.

ஒரு நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில் முதற்பதிப்பு 1956 என்றும் நான்காம் பதிப்பு 1998 என்றும் இரண்டு வரிகள் இருக்கும். மாணவர் படித்தது நான்காம் பதிப்பு. நூலின் பழமை தெரியட்டும் என்று 1956ஐ எழுதிவிட்டுப் பக்க எண்ணை 1998 பதிப்பிலிருந்து கொடுப்பார். முதற்பதிப்பை எடுத்துப் பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ இருக்கும். படித்த பதிப்பின் ஆண்டே முதன்மை. பழைய ஆண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலானது. அதன் அண்மைக்கால மறுபதிப்பு ஒன்றைப் படித்துவிட்டு 'சாமிநாதையர், 2014' என்று மட்டும் எழுதினால், 1942இல் மறைந்தவர் 2014இல் எழுதியதுபோல் ஆகிறது. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. சான்று முறையில் இதற்கு வழி உண்டு: '1950/2014' என்று சாய்கோடிட்டு இரண்டையும் தருவார்கள். தமிழ் ஆய்வேடுகளும் தாராளமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை ஒரு பட்டியலில் வெளியீட்டு ஆண்டு 2030 என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கேட்டேன். அந்த மாணவி நூலையே கொண்டுவந்து காட்டினார். பதிப்பு விவரப் பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டு 2030 என்றுதான் அச்சாகியிருந்தது. அதிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும், 1999 வரும். இன்னும் பழைய நூல்களில் 'விளம்பி வருடம் தை மாதம்' என்பதுபோல இருக்கும். அட்டவணையைப் பார்த்து விளம்பி என்றால் 1898 என்று எழுதிவிடுவார்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் அந்தத் தை மாதம் 1899இல் விழும். சித்திரையிலிருந்து கார்த்திகை வரை கவலையில்லை. மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி வரை, அடுத்த ஆங்கில ஆண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளியீட்டாளர் என்று எழுத வேண்டிய இடத்தில் அச்சகத்தின் பெயரையோ, 'விற்பனை உரிமை' என்று போட்டிருக்கும் கடையின் பெயரையோ எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. பழைய நூல்களில் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். எந்த வரி எது என்று நிதானமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் கையில் இருக்கும்போதே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பாதி தீரும். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் நினைவிலிருந்து நிரப்பும் பட்டியல்தான் எல்லாப் பிழைக்கும் விளைநிலம்.

'ப.' என்பது ஒரு பக்கம், 'பக்.' என்பது பல பக்கம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'மேலது' பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய சான்றில் காட்டிய அதே நூல் என்பது அதன் பொருள். சான்றெண் விளக்கத்தில் 14ஆவது எண்ணில் ஒரு நூல், 15இல் 'மேலது, ப. 60'. நெறியாளர் சொன்னார் என்று நடுவில் புதிதாக ஒரு சான்றைச் செருகியதும், பழைய 15 இப்போது 16. அதிலுள்ள 'மேலது' புதிய நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். படிப்பவருக்கு அது தவறு என்று தெரியவே தெரியாது. எழுதும் காலம் முழுவதும் ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் சுருக்கமாகப் போட்டுவாருங்கள். எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கடைசியாக 'மேலது' ஆக்கிக்கொள்ளலாம்.

இணையத்திலிருந்து எடுத்தால்

'இணையதளம்: கூகுள்' என்று முடியும் பட்டியல்களை இன்றும் பார்க்கிறேன். கூகுள் வழிகாட்டியது, எழுதியது வேறொருவர். எழுதியவர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான நாள், முகவரி ஆகியவை வேண்டும். நாள் இல்லாத பக்கமென்றாலும், மாறிக்கொண்டே இருக்கும் பக்கமென்றாலும், நீங்கள் பார்த்த நாளையும் சேருங்கள். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை நாளைக்கே திருத்தப்படலாம். அங்கே ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறாத ஓர் இணைப்பு இருக்கிறது. நீங்கள் படித்த அந்தத் திருத்தப் பதிப்பையே அது காட்டும். மற்றத் தளங்களில் உள்ள பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் தரலாம். மூடப்பட்ட வலைத்தளங்களோடு நல்ல கட்டுரைகள் எத்தனையோ காணாமல் போயிருக்கின்றன.

தமிழில் இருக்கும் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். 'நூல்' என்ற ஒரு சொல்லே 36 குறிகளாகும். அதை நடுவில் வெட்டினாலோ, வரி முடிவில் இணைப்புக்கோடு போட்டாலோ முகவரி செத்துவிடும். கல்லூரி நூலகத்தின் கணக்கில் நுழைந்து படித்த ஆய்விதழ்க் கட்டுரைக்கு அந்த முகவரியைக் கொடுத்தால் வெளியே இருப்பவருக்குத் திறக்காது. கட்டுரைக்கென்றே தரப்படும் மாறாத அடையாளமான டி.ஓ.ஐ. எண் இருந்தால் அதுவே போதும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான எண் உண்டு. தேடல் முடிவின் முகவரியை விட்டுவிட்டு அதைக் குறியுங்கள்.

மதுரைத் திட்டம், நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற மின்னூலகங்களை வைத்துத்தான் இன்றைய தமிழாய்வு பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் பட்டியலில் அவை இருப்பதில்லை. மதுரைத் திட்டத்தின் கோப்பைப் படித்துவிட்டு, அது எந்த அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சானதோ அந்த நூலையே நேரில் படித்ததுபோல எழுதுகிறார்கள். இதில் இரண்டு தீங்கு. தட்டச்சில் பிழை நேர்ந்திருந்தால் பழி பழைய பதிப்பாசிரியர் மேல் விழும். 1998 முதல் தன்னார்வலர்கள் கைநோகத் தட்டச்சிட்ட உழைப்போ யார் கண்ணிலும் படாமல் போகும். 'மின்பதிப்பு, மதுரைத் திட்டம்' என்று குறித்து, அந்தக் கோப்பு தரும் மூலநூல் விவரத்தையும் சேர்த்து எழுதினால் போதும். பக்க எண் இல்லாத மின்பதிப்பென்றால் பாட்டெண், அடி எண், அத்தியாயம் என்று நூலின் உட்பிரிவைக் காட்டுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் 'நூலக எண்' இருக்கிறது. அதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

வருடிய பிடிஎஃப் கோப்பு என்றால் கதை வேறு. திரையின் ஓரத்தில் கணிப்பொறி 62 என்று காட்டும். ஆனால் அட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாம் முன்னால் வந்திருப்பதால் தாளில் அச்சான எண் 38ஆக இருக்கும். எழுத வேண்டியது 38. நூலகத்துக்குப் போய் அதே நூலைப் புரட்டுகிறவருக்கு 62 உதவாது.

எந்த முறையைப் பின்பற்றுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் பல்கலைக்கழகம் சொல்வதை என்பதுதான். ஆனால் ஒன்றையே கடைசிவரை பிடியுங்கள். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பும் (2019) நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. முறையின் எட்டாம் பதிப்பும் (2016) வெளியீட்டு ஊரைப் பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டன. பழைய கையேட்டைப் பார்த்துப் பாதிப் பதிவுகளுக்கு ஊரும் பாதிக்கு ஊரில்லாமலும் எழுதுவது இதனால் வருவது. உங்கள் விதி தடுக்கவில்லை என்றால் தமிழ் நூல்களுக்கு ஊரைப் போடுவதையே நான் விரும்புவேன். சென்னையா யாழ்ப்பாணமா என்பது நம் நூல்களைத் தேடுகிறவருக்குப் பெரிய வழிகாட்டி.

கடைசியாக, நேரில் பார்க்காத நூல். ஒருவர் எடுத்தாண்ட மேற்கோளை நீங்கள் எடுத்தாண்டால், 'இன்னார் நூலில் மேற்கோளாகக் காட்டப்பட்டது' என்று எழுதி, நீங்கள் படித்த நூலை மட்டும் பட்டியலில் வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஆய்வேட்டுக்கு உள்ள ஒப்புமையை அளக்கும்போது, முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேராது. ஆகவே உள்ளதை உள்ளபடி காட்ட அஞ்ச வேண்டியதே இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பட்டியல் கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது. அவை தரும் பதிவில் ஆசிரியர் உண்மையாக இருப்பார், பதிப்பகமும் உண்மையாக இருக்கும், அப்படி ஒரு நூல் மட்டும் உலகத்தில் இருக்காது. சமர்ப்பிக்கும் முன் பட்டியலை ஒரு நண்பரிடம் கொடுத்து, கண்ணில் படும் ஐந்து பதிவுகளைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் வெறுங்கையோடு திரும்பிவரும் பதிவில் தொடங்கி முழுப் பட்டியலையும் நூல்களோடு வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள்.