ஈய பெயிண்ட்டைத் தூசி கிளப்பாமல் அகற்றுவது எப்படி?

பழைய கட்டடத்தில் பெயிண்ட் சுரண்டும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், எதை வைத்துச் சுரண்டினால் சீக்கிரம் முடியும் என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயிண்ட்டில் ஈயம் இருந்தால், எப்படிச் சுரண்டினால் தூசி எழாது என்று கேட்க வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த பெயிண்ட் பெரிதாக எதுவும் செய்யாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நிமிடத்திலிருந்து அது நாம் மூச்சில் இழுக்கும் பொருளாகிவிடுகிறது. தரையில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்கும் போகிறது. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இதுவரை தெரியவில்லை.

முதலில் சோதனை

அமெரிக்கா 1978-லேயே வீட்டு பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடை போட்டது. இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு பெயிண்ட்டில் 90 பங்கு ஈயம்) என்ற வரம்பு வந்தது 2016-ம் ஆண்டு விதிகளில்தான். ஆகவே கட்டடத்தின் வயதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மேலே புது பெயிண்ட் இருந்தாலும் அடியில் நாலைந்து பழைய பூச்சுகள் இருக்கலாம். கூர்மையான கத்தியால் மரம் அல்லது காரை தெரியும் வரை சின்னதாக ஒரு சரிவு வெட்டு போட்டுப் பாருங்கள். மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனியாகத் தெரியும். ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குச்சியை அந்த வெட்டு முழுவதும் படும்படி தேய்க்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் தேய்த்துவிட்டு ஈயம் இல்லை என்று சொன்னால் அது சோதனையே இல்லை. சந்தேகம் இருந்தால் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்த ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எக்ஸ்ரே கதிரால் ஈயத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருப்பவர் கிடைத்தால் சுரண்டாமலே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் அகற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். உரியாமல், வெடிக்காமல் கெட்டியாக இருக்கும் சுவரை அப்படியே விட்டு, அதற்கென்றே வரும் மூடுபூச்சை அடிப்பது பல இடங்களில் நல்ல முடிவு. ஆனால் ஜன்னலும் கதவும் அப்படி அல்ல. திறந்து மூடும்போதெல்லாம் சட்டமும் கதவும் உரசி நாள்தோறும் தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே அகற்ற வேண்டும், அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும்.

அறையைத் தயார் செய்வது

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும் வரை அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. நகர்த்த முடிந்த சாமான்களை வெளியே கொண்டுபோங்கள், முடியாததை மூடி டேப் ஒட்டுங்கள். ஏசி, ஃபேன் நின்றாக வேண்டும், காற்று வரும் துளைகளையும் அடைக்க வேண்டும். தரையில் தடிமனான பாலித்தீன் ஷீட் விரித்து, சுவரோரத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். உள்ளே வேலை என்றால் சுரண்டும் இடத்திலிருந்து குறைந்தது 6 அடி, வெளிச்சுவர் என்றால் 10 அடி வரை ஷீட் நீள வேண்டும். வாசலில் இரண்டு ஷீட்டைத் திரை போல ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கவிடுங்கள்.

முகத்துக்குத் துணி மாஸ்க் உதவாது. மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வகை ஃபில்டர் போட்ட, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது சரியாகப் பொருந்தாது. வருத்தமாக இருந்தாலும் மழித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சுரண்டுவது

ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் தெளித்து, ஓரிரு நிமிடம் ஊறவிடுங்கள். ஸ்கிரேப்பரைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தால் பெயிண்ட் ஈரச் சுருளாகச் சுருண்டு கீழே விழும். பொடியாக உதிர்ந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு மறுபடி தெளியுங்கள். ஸ்விட்ச் போர்டு அருகில் மட்டும் தண்ணீர் கூடாது. அந்த போர்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அங்கே ஹெப்பா வாக்யூம் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் உள்ள வாக்யூம் கிளீனர்) குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு சுரண்டுங்கள்.

கேஸ் டார்ச்சால் எரித்து உரிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஈயம் புகையாகி நேரே நுரையீரலுக்குப் போகும். ஹீட் கன் பயன்படுத்தினாலும் 593 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி, என்னைக் கேட்டால் புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தூசி உறிஞ்சும் மூடியும் ஹெப்பா வாக்யூமும் இணைக்காத சாண்டிங் மெஷினை யாருமே பயன்படுத்தக் கூடாது.

வேலை நடக்கும் அறையில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகை பிடிப்பது எதுவும் கூடாது. வெளியே வந்து கையும் முகமும் கழுவிய பிறகுதான்.

சுத்தம் செய்வது

நாள் முழுக்கப் பட்ட பாடு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். துடைப்பத்தை எடுக்காதீர்கள். சாதாரண வாக்யூமும் வேண்டாம், நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே துப்பிவிடும். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஷீட் மேல் தண்ணீர் தெளித்து, அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி நான்கு ஓரத்திலிருந்தும் மடித்துச் சுருட்டி, தடிமனான பையில் கட்டுங்கள். அப்புறம் மேலிருந்து கீழாகச் சுவர், ஜன்னல் விளிம்பு, தரை என்று வாக்யூம் போட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் மறுபடி வாக்யூம். துடைக்க ஒரு பக்கெட், அலச வேறொரு பக்கெட்.

கழிவை எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கழற்றிய பழைய கதவு, ஜன்னல் மரத்தை அடுப்பெரிக்க யாருக்கும் கொடுக்காதீர்கள், டார்ச் புகையில் உள்ள அதே ஆபத்து அதிலும் இருக்கிறது. வேலைத் துணியை அங்கேயே கழற்றிப் பையில் போட்டு, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். தொடர்ந்து இதே வேலை செய்பவர்கள் ரத்தத்தில் ஈய அளவை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் ஈரத் துணியால் துடைத்து எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், முடிவு கையில் வரும் வரை வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுக்காதீர்கள்.