மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர் வண்டி வாங்கினால்: பதிவு, வரி, இன்சூரன்ஸ், எதை முதலில் செய்வது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் காலிலோ இடுப்பிலோ அடிபட்டு வந்தவர்களும் உண்டு. பஸ் எப்போதாவது வரும் ஊர்களில் பேங்க், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் எதற்குப் போவதென்றாலும் அவர்களுக்குச் சொந்த வண்டி வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அவர்களில் சிலர் கட்டத் தேவையில்லாத சாலை வரியைக் கட்டியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பிரீமியத்தில் பாதியாகக் குறைய வேண்டிய பகுதியையும் வருஷா வருஷம் முழுசாகக் கட்டுகிறார்கள். சலுகைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் அவை கை நழுவிப் போகின்றன. புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன்.

படி 1: பென்ஷன் காகிதம் வேறு, ஊனமுற்றோர் சான்று வேறு

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "என் பி.பி.ஓ.விலேயே (பென்ஷன் ஆணையிலேயே) 50 சதவீதம் டிசபிலிட்டி என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. படையை விட்டு வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் பென்ஷன் கணக்குக்கானது. அதில் காது கேட்காதது, ரத்த அழுத்தம், முதுகுத்தண்டுக் கோளாறு என எல்லாம் சேர்ந்திருக்கலாம். அதோடு பென்ஷனில் சதவீதத்தை மேல்நோக்கிக் கூட்டிப் போடும் முறையும் உண்டு. 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50க்கு மேல் 75 வரை இருந்தால் 75 என்றும் கணக்கிடுவார்கள். மெடிக்கல் போர்டு 30 என்று போட்டவருக்கும் பி.பி.ஓ.வில் 50 என்று வருவது இப்படித்தான்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தேவை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அரசு மருத்துவர்கள் கொடுக்கும் சான்றும், யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும். கை கால் இயக்கப் பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அதில் இருக்க வேண்டும். சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர் முன் போய் நில்லுங்கள். சந்தேகம் இருந்தால் கலெக்டர் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். டிஸ்சார்ஜ் புக், படை மருத்துவமனைக் குறிப்புகள், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். பரிசோதிக்கும் மருத்துவருக்கு உங்கள் காயத்தின் வரலாறு அதிலிருந்துதான் தெரியும்.

இதற்கிடையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஓய்வுக்குப் பிறகு உடல் பாதிப்பு ஏற்பட்டு, அது 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்க, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு உதவித்தொகை தருகிறது. பணியில் இருக்கும்போதே பாதிக்கப்பட்டவர்களுக்கு ராணுவத்தின் தனித் திட்டம் உண்டு. சொந்தப் பணத்தில் கை வைப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

படி 2: எல்.எல்.ஆர். எடுக்கும்போது வகையைப் பாருங்கள்

பட்டாளத்தில் லாரியே ஓட்டியிருப்பீர்கள், பழைய லைசன்ஸும் கையில் இருக்கும். ஆனால் மாற்றியமைத்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தனி வகை இருக்கிறது. முன்பு 'இன்வாலிட் கேரேஜ்' என்று இருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றியது. உங்கள் லைசன்ஸில் இந்த வகை சேர்ந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்து, உங்கள் வண்டியிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். பணமும் வேலையும் குறைவான படி இது. ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான்.

படி 3: வண்டியும் சக்கரக் கிட்டும்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஸ்கூட்டர் விளையும் பூமி. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. எந்தக் கம்பெனி வண்டியை எடுத்தாலும் கியர் இல்லாததாக, இரண்டு பிரேக்கும் கையில் பிடிப்பதாக இருக்கட்டும்.

பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தும் கிட் விஷயத்தில் கறாராக இருங்கள். லேத் பட்டறையில் ஆங்கிள் வெல்டிங் வைத்து மலிவாகச் செய்து தருவார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற கிட்டா என்று கேட்டு, அந்தச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டுக்கென்று தனி பில்லும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் வண்டியில் பொருத்தும் கிட்டுக்கு 2021 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் அதற்கு மேல் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, ஆர்.டி.ஓ.வின் ஒப்புதலோடு எவரும் தன் வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளலாம். ஒப்புதல் வாங்காமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது.

படி 4: பதிவும் வரிவிலக்கும், ஷோரூமில் பணம் கட்டும் முன்

மொத்த விஷயமும் இந்தப் படியில்தான் நிற்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது பெட்ரோல் டூவீலருக்கு ஆயுட்கால வரி இப்படி: விலை 1 லட்சம் வரை இருந்தால் 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 85,000 ரூபாய் ஸ்கூட்டர் என்றால் வரி மட்டும் 8,500 ரூபாய். மாற்றுத்திறனாளி தன் பெயரில் வாங்கி, தனக்கென மாற்றியமைத்து ஓட்டும் வண்டிக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. பதிவுக் கட்டணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 2016 டிசம்பரில் திருத்திய மத்திய விதிகளில் சாதாரண டூவீலருக்கு 300 ரூபாய், இன்வாலிட் கேரேஜுக்கு 50 ரூபாய்.

ஷோரூமில் கொடுக்கும் 'ஆன் ரோடு' விலைச் சீட்டில் வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே தொகையாக இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்த உடனே, "இது மாற்றுத்திறனாளி வண்டி, வரிவிலக்கில் பதிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வரி ஒருமுறை ஆன்லைனில் கட்டப்பட்டுவிட்டால் திரும்ப வாங்குவது பெரிய பாடு. விண்ணப்பம் படிவம் 20. அதில் உரிமையாளர் வகையைக் குறிக்கும் இடத்தில் 'திவ்யாங்ஜன்' என்ற பிரிவு 2020 அக்டோபர் அறிவிக்கையில் சேர்க்கப்பட்டது. அதைத்தான் குறிக்க வேண்டும், 'தனிநபர்' என்பதை அல்ல. படிவத்தை நிரப்புவது ஷோரூம் பையன்தான் என்றாலும், அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22, யு.டி.ஐ.டி. அட்டை, மருத்துவச் சான்று, கிட்டின் ஒப்புதல் சான்று, பில் ஆகியவை போக வேண்டும்.

தர்மபுரிக்காரர்களுக்கு ஆர்.டி.ஓ. எண் டி.என். 29, கிருஷ்ணகிரிக்கு 24, ஓசூருக்கு 70. எந்த அலுவலகமாக இருந்தாலும் மோட்டார் வாகன ஆய்வாளர் கிட் பொருத்திய வண்டியை நேரில் பார்த்த பிறகு, ஆர்.சி.யில் வண்டியின் வகை அடாப்டட் வெஹிக்கிள் என்று ஏற வேண்டும். ஆர்.சி. கைக்கு வந்ததும் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். வெறும் 'எம்-சைக்கிள், ஸ்கூட்டர்' என்று மட்டும் இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். இன்சூரன்ஸ் சலுகைக்கும் ஆர்.சி.யில் உள்ள இந்தப் பதிவுதான் ஆதாரம்.

இந்த விலக்கு மாற்றுத்திறனாளி என்ற தகுதிக்குக் கிடைப்பது. அதனால் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை மட்டும் காட்டி வரிவிலக்குக் கேட்காதீர்கள். சி.எஸ்.டி. கேன்டீன் வழியாக வாங்கினால் வண்டி விலை குறையும், அது வேறு கணக்கு. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு உள்ள, எந்த மாநிலத்திலும் செல்லும் பி.எச். வரிசை எண்ணும் பணியில் இருப்பவர்களுக்கே.

படி 5: இன்சூரன்ஸ் பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்

பிரீமியம் இரண்டு பகுதி. தேர்டு பார்ட்டி என்பது எதிராளிக்கு ஏற்படும் பாதிப்புக்கு. இதன் கட்டணம் அரசு நிர்ணயித்தது, இதில் மாற்றுத்திறனாளி சலுகை கிடையாது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 75 முதல் 150 சி.சி. வரையான புது டூவீலருக்கு 5 வருஷத்துக்குச் சேர்த்து 3,851 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு மேல் 7 வரையான எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 3,273 ரூபாய். இதன்மேல் ஜி.எஸ்.டி. தனி.

ஓன் டேமேஜ் என்பது உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு. சலுகை இதில்தான். இந்திய மோட்டார் கட்டண விதிகளில் ஐ.எம்.டி. 12 என்று பாலிசியில் சேர்க்கும் ஷரத்து (என்டார்ஸ்மென்ட்) இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த, மாற்றியமைத்த வண்டிக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்கிறது அது. ஆர்.சி.யில் அந்த விவரம் ஏறியிருப்பது இதற்கு நிபந்தனை. ஏஜெண்டிடம் "ஹேண்டிகேப் டிஸ்கவுண்ட்" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். "ஐ.எம்.டி. 12 சேர்த்துக் கொடுங்கள்" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். ஓன் டேமேஜ் 1,200 ரூபாய் என்றால் 600 ஆகும். ஒரு வருஷத்துக்குச் சின்னத் தொகைதான். ஆனால் வண்டி இருக்கும்வரை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மிச்சமாகும். மாற்றியமைத்த கார் வைத்திருப்பவருக்கு இதுவே ஆயிரக்கணக்கில் வரும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது இந்தத் தள்ளுபடி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் ஆர்.சி. நகலோடு கிளை அலுவலகத்துக்கே போய்விடுங்கள்.

கிட்டின் மதிப்பையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டியின் ஐ.டி.வி. (காப்பீடு செய்த மதிப்பு) மட்டும் இருந்து கிட் பற்றிப் பேச்சே இல்லையென்றால், சக்கரமும் பிராக்கெட்டும் வளைந்தால் இழப்பு உங்கள் தலையில். படி 3இல் தனி பில் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். டயர், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதித் தொகையைக் கழித்துத்தான் தருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். சரியான வகை லைசன்ஸ் இருந்தால்தான் அது செல்லும்.

தள்ளுபடி தர மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியாக இல்லாவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆர்.டி.ஓ., சான்றிதழ் சம்பந்தமான தாமதத்துக்குத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். அடாப்டட் வெஹிக்கிள் என்றால் அந்த மாற்றுத்திறனாளியோ, அவருக்காக வேறொருவரோ மட்டும் பயன்படுத்தும் வண்டி என்கிறது சட்டம். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு மகன் ஏற்றிக்கொண்டு போகலாம். அதே வண்டியில் மகன் தினமும் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வந்தால், வரிவிலக்கும் இன்சூரன்ஸ் கிளெய்மும் இரண்டுமே கேள்விக்குள்ளாகும்.