காசில்லாத ஜாம்பி படமும் கேசரிப் பவுடர் ரத்தமும்

கையில் காசில்லாமல் ஜாம்பி படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, கூட்டம் சேர்ப்பது. நண்பர்கள் பதினைந்து பேர் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு தெருவில் தள்ளாடுவார்கள். திரையில் பார்த்தால் பதினைந்து பேர் பதினைந்து பேராகத்தான் தெரிவார்கள்; ஊரே செத்து எழுந்து வந்த மாதிரி இருக்காது.

1968-ல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஜார்ஜ் ரொமேரோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்தார். செலவு சுமார் 1,14,000 டாலர். ஏழு பேரை ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைத்தார், ஜன்னலுக்குப் பலகை அடிக்க வைத்தார், மேலேயே இருப்பதா, நிலவறைக்குள் பதுங்குவதா என்று அவர்களுக்குள் சண்டை மூட்டிவிட்டார். வெளியே நாடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்லும் வேலையை ரேடியோவும் டிவியும் பார்த்துக்கொண்டன. பலகை இடுக்கில் நுழையும் சில கைகள் போதும், நமக்கு வயிறு கலங்கிவிடும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 'ஸோம்பி 2' (1979). கடைசிக் காட்சியில் நியூயார்க் அழிந்துகொண்டிருப்பதாக ரேடியோ அலறுகிறது. புரூக்ளின் பாலத்தில் பிணங்கள் ஊர்ந்து வருகின்றன. அவற்றின் காலுக்குக் கீழே கார்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கின்றன! ஆனாலும் அதே படத்தில் ஒரு ஜாம்பி தண்ணீருக்கடியில் நிஜச் சுறாவோடு மல்லுக்கட்டும். அதற்காகவே என்னால் அந்தப் பாலத்தை மன்னிக்க முடிகிறது.

அடுத்தது ரத்தம். ரொமேரோ எடுத்தது கறுப்பு வெள்ளை. சாக்லேட் சிரப்பை ஊற்றிச் சமாளித்துவிட்டார். அவரே 1978-ல் 'டான் ஆஃப் தி டெட்' படத்தைக் கலரில் எடுத்தபோது ரத்தம் காமிக்ஸ் புத்தகச் சிவப்பில் பளபளத்தது, சாம்பல் பூசிய முகங்கள் சில காட்சிகளில் நீலமடித்தன. கல்லூரியில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடரைக் கரைத்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் கடிபட்ட கழுத்து, கல்யாண வீட்டுக் கேசரி மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு எறும்பு. பிணமாகப் படுத்திருந்தவன் ஒரு டேக்குக்கு இரண்டு தடவை எழுந்து சொறிந்தான். சிவப்புக் கலரோடு கொஞ்சம் கோகோ பவுடர் சேருங்கள், நிறம் இருண்டு கெட்டியாகும். எந்த விளக்கில் படம் எடுக்கப் போகிறீர்களோ அதே விளக்கில் முதல்நாளே ஊற்றிப் பாருங்கள்.

சத்தத்தில் கஞ்சத்தனம் கூடாது. படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் ஃபேன் சத்தத்தில் அமுங்கினால் எழுந்து போய்விடுவார்கள். மைக் பக்கத்தில் கேரட்டை ஒடித்தால் எலும்பு முறியும், செலவு சில ரூபாய்தான். வைரஸ் எங்கிருந்து வந்தது என்று வெள்ளைக் கோட்டுக்காரர் ஐந்து நிமிடம் பாடம் நடத்தவும் வேண்டாம். ரொமேரோ படத்தில் வெள்ளிக் கிரகம் போய்த் திரும்பிய விண்கலம், கதிர்வீச்சு என்று டிவியில் ஒரு பேச்சு அடிபடும், அதோடு சரி.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டுவது, வேண்டுமென்றே மட்டமாக எடுப்பது. ஓட்டைப் படங்களை ரசிக்கிறார்களே, நாமும் ஓட்டை போடுவோம் என்ற கணக்கு. ஃபுல்சி அந்தக் கார்களை ஜோக்குக்காக ஓடவிடவில்லை. மனுஷன் நிஜமாகவே நம்மைப் பயமுறுத்தப் பார்த்தார், அதனால்தான் சிரிப்போடு ஒரு பிரியமும் வருகிறது. இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் சாட்சிக்கு இழுப்பது ஷினிச்சிரோ உவேதாவின் ஜப்பானியப் படமான 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017). சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்த படம். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். அதில் நடிகர்கள் காரணமில்லாமல் திகைத்து நிற்பார்கள், பேச்சு எங்கோ இழுக்கும். மீதிப் படத்தைப் பார்த்தால்தான் அந்தச் சொதப்பல் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது தெரியும். பாதியில் நிறுத்தியவர்களுக்கு வேறு படம்தான் கிடைத்திருக்கும்.

கடைசியாக டைட்டில் கார்டு. ரொமேரோ படத்துக்கு முதலில் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்று பெயர். பெயரை மாற்றியபோது பழைய கார்டோடு அதிலிருந்த காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் போட்டுக் காசு பார்த்தார்கள். இன்று அந்த அறிவிப்பு விட்டுப்போனால் உரிமை போகாது. ஆனாலும் கார்டை இரண்டு தடவை படித்துவிடுங்கள். எங்கள் படத்தில் பதினோரு பேருக்கு மேக்கப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் விட்டுப்போனது. இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.