குழந்தை அழுகை நிற்கவில்லையா? கீழே படுக்க வைத்துவிட்டு வெளியே வாங்க

பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டியும் கைக்குழந்தை வீறிட்டு அழுது, உங்களுக்கு ஆத்திரம் தலைக்கேறினால், தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு 5, 10 நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். காசிமேடு, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரே அறை வீடு என்றால், பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்தாலும் சரி.

அழுகையை விட, கோபத்தில் பிடித்து உலுக்குவதுதான் ஆபத்து. குழந்தையின் தலை கனம், கழுத்தில் வலு கிடையாது. தலை முன்னும் பின்னும் வெட்டி ஆடும்போது மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கிழியும். சில நொடி உலுக்கல் போதும், பார்வை போகலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு காயமும் தெரியாமல்கூட இருக்கலாம். பெற்றவர்கள் மட்டுமல்ல, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இந்த ஓயாத அழுகை 2 மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், 4, 5 மாதத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். தூளியில் மெதுவாக ஆட்டுவதால் இந்த மூளைக் காயம் வராது, பயப்படாதீர்கள்.

ஆனால் 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், தொடர் வாந்தி, பால் குடிக்காமல் துவளுதல், வலிப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யாராவது உலுக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.